நாலாவது சில்லு

வேணுகா தன் வாழ்க்கையில் பாதியைக் காத்திருந்தே கழித்தவள். அதில் பெரும்பங்கு யோகராஜாவுக்காக. கலியாணம் முடித்து சுவிஸின் இன்டர்லாக்கனுக்கு வந்திறங்கிய நாளிலிருந்து கடைக்கோ டொக்டரிடமோ கோயிலுக்கோ, எங்கே போவதென்றாலும் அவர் கார்த் திறப்பைக் கையில் எடுக்க வேண்டும். எடுப்பார். அதற்கு முன் “ஓம் ஓம், இப்ப வாறன்” என்பார். அந்த ‘இப்ப’வுக்குள் ஒரு தேத்தண்ணி, இரண்டு தொலைபேசிக் கதை, ஊர்ச் செய்தி, சில நாட்களில் ஒரு குட்டித் தூக்கமும் அடங்கும். அவள் சப்பாத்தைக் கொழுவிக்கொண்டு வாசலில் நிற்பாள்.

மனிசன் கெட்டவரில்லை. அதுதான் பெரிய தலையிடி. குடி இல்லை, அடிபிடி இல்லை, ஹோட்டல் சமையலறையில் மாடாய் உழைத்துவிட்டு வருகிறவர். எதைக் கேட்டாலும் “ஓம் ஓம்” என்கிறவரோடு என்னவென்று சண்டை பிடிப்பது? குளியலறைப் பைப் ஒழுகுதே, பார்த்தீங்களோ? ஓம் ஓம். பிள்ளையின் பள்ளிக்கூடக் கூட்டத்துக்கு லீவு சொல்லியாச்சோ? ஓம் ஓம். பைப் ஒழுகிக்கொண்டே இருக்கும். பள்ளிக்கூடத்துக்கு அவள் பஸ்ஸில் ஓடுவாள்.

ஒருநாள் அவளுக்கு வெறுத்துப் போய்விட்டது. பதினாலு வருடமாய் இன்னொரு ஹோட்டலில் படுக்கை விரிப்புத் தோய்த்துக்கொண்டிருந்தவள், வேலை முடிந்த கையோடு முதியோர் பராமரிப்பு வகுப்புக்குப் போகத் தொடங்கினாள். ஜெர்மன் மொழியில் உடற்கூறு படிப்பதென்பது தலையைச் சுவரில் முட்டுவது போன்ற வேலைதான். முட்டினாள், பாஸ் பண்ணினாள். பிறகு கார் ஓட்டப் பழகினாள். இரண்டு தரம் சோதனையில் விழுந்து, மூன்றாம் தரம் எழும்பினாள். லைசன்ஸ் வந்த அன்று யோகராஜா ஊரெல்லாம் போன் பண்ணி, “எங்கடை ஆள் பாஸ்!” என்று பெருமையடித்தார். பழகுகிற காலத்தில் ஒருநாளாவது பக்கத்தில் வந்து குந்தியிருப்பாரா என்றால், அதற்கும் “ஓம் ஓம்” தான்.

2017 நவம்பரில் அவளுக்கு வேலை கிடைத்தது. வீடு வீடாய்ப் போய் வயதானவர்களைக் கழுவித் துடைத்து உடுப்பு மாற்றிவிடும் வேலை, ஸ்பிடெக்ஸ் என்பார்கள். கார் கட்டாயம். முதல் மூன்று மாதம் பரீட்சார்த்தம், சரிவராவிட்டால் அனுப்பிவிடுவார்கள். திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு முதல் வீடு, மேலே ஹாப்கேர்னில். ஃபிராவ் சூர்பூகன் என்கிற மூதாட்டி, இடுப்பு முறிந்து தேறி வருகிறவர்.

“அவருக்குத் தானாக எழும்ப ஏலாது. நீங்கள் போகும்வரை படுக்கையில்தான் கிடப்பார்” என்றாள் குழுத்தலைவி.

அந்த வசனம் வேணுகாவுக்கு நெஞ்சில் ஏறிக் குந்திவிட்டது. காத்துக் கிடப்பது என்றால் என்னவென்று அவளுக்கு யாரும் வகுப்பெடுக்கத் தேவையில்லை. தனக்காக ஒரு மனிசி அப்படிக் கிடக்க விடுவதில்லை என்று அன்றைக்கே முடிவெடுத்தாள்.

ஹாப்கேர்ன் ரோட்டு வளைந்து வளைந்து மலையேறுகிற ரோட்டு. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். வார இறுதியில் பனி கொட்டும் என்று வானிலையில் சொல்லத் தொடங்கிவிட்டார்கள். காரில் இன்னும் பனியில் வழுக்கும் கோடை ரயர்.

தன் கையால் முடிந்ததை எல்லாம் அவள் முடித்தாள். கண்ணாடி கழுவும் தண்ணீரை ஒட்ட இறைத்துவிட்டு, உறையாத நீலத் திரவத்தை ஊற்றினாள். கதவு ரப்பர் ஒட்டிப்பிடிக்காமல் கிறீஸ் பூசினாள். ஐஸ் சுரண்டி, போர்வை, டோர்ச் லைட் எல்லாம் பின்பெட்டிக்குள் போயின. மிச்சம் பனி ரயர் மாற்றுவது. ஒக்டோபர் தொடக்கத்திலேயே பக்கத்துக் கராஜில் நேரம் எடுத்து வைத்திருந்தாள். யோகராஜா அதை ரத்துச் செய்துவிட்டு வந்து நின்றார்.

“சிறீதரன் என்ன நினைப்பான்? பன்ரெண்டு வரிசமா அவன்தானே மாத்தித் தாறவன். ரயரும் அவன்ரை கராஜுக்குள்ளைதான் கிடக்குது. வெள்ளைக்காரனிட்டைப் போனா மனுசன் கோவிச்சுக்கொள்ளுவான்.”

“நான் பள்ளத்துக்கை போனா ஆரும் கோவிக்க மாட்டினமோ?”

“சும்மா விசர்க்கதை கதையாதையும். நான் அவனோடை கதைச்சிட்டன்.”

“கதைச்சிட்டீங்களோ?”

“ஓம் ஓம்.”

கதைக்கவில்லை. அது மூன்று வாரம் கழித்துத் தெரியவந்தது.

சிறீதரன் மெக்கானிக் இல்லை. யோகராஜாவோடு ஒரே சமையலறையில் மரக்கறி வெட்டுகிறவர். ஆனால் அவரிடம் காரைத் தூக்கும் ஒரு ஜக்கும், நட்டு முறுக்கும் நல்ல சாவிகளும், பூட்டிய கராஜும் இருந்தன. அது போதாதா? இன்டர்லாக்கன் தமிழரில் அரைவாசிப் பேரின் ரயர்கள் அவருடைய கராஜுக்குள் தூங்குகின்றன. அங்கே ரயர் மாற்றப் போவது கலியாண வீட்டுக்குப் போவது மாதிரி. ரோல்ஸ் வரும், தேத்தண்ணி வரும், இலங்கை அரசியல் வரும். கடைசியாகத்தான் ஜக் வரும். அவசரம் என்று சொன்னால் மரியாதை கெட்டவளாகிவிடுவாய்.

தள்ளித் தள்ளி, கடைசியில் போனது ஞாயிற்றுக்கிழமை பின்னேரம். மறுநாள் விடிய வேலை. அதிலும் ஞாயிற்றுக்கிழமை சத்தம் போட்டால் சுவிஸ்காரருக்கு ஆகாது. மேல்வீட்டுக்காரி ஏற்கெனவே ஒருதரம் பொலிசைக் கூப்பிட்டவள். ஆகவே கராஜ் கதவைச் சாத்திக்கொண்டு, மெஷின் பிடிக்காமல், கள்ளர் மாதிரிக் குசுகுசுத்துக்கொண்டு கையால் கழற்றினார்கள். வேணுகாவுக்குக் கிடைத்த உத்தியோகம், சில்லு நட்டுகளை ஒரு சில்வர் கிண்ணத்தில் ஏந்திக்கொண்டு நிற்பது.

நின்றபடி அவள் எல்லாவற்றையும் பார்த்தாள். ஜக்கில் தூக்கி, பழைய சில்லைக் கழற்றி, பனிச் சில்லைக் கொழுவி, நட்டுகளைக் கையால் திருகிவிடுவார் சிறீதரன். பிறகு காரை இறக்கி, நீட்டுச் சாவியால் ஒவ்வொரு நட்டாய் முறுக்குவார். போதிய இறுக்கம் வந்ததும் அந்தச் சாவி ‘டக்’ என்று சொல்லும். ஒரு சில்லுக்கு ஐந்து டக். மூன்று சில்லு அப்படி முடிந்தது. நாலாவது, சாரதிப் பக்கத்து முன்சில்லு, கையால் திருகப்பட்டு இன்னும் அந்தரத்தில் நின்றது.

அப்போதுதான் சிறீதரனின் மனைவி ஜெயந்தி தட்டில் நாலு தேசிக்காயும் கற்பூரமுமாய் வந்தாள். வேணுகா புது வேலைக்குப் போகிறாள், காரும் புதுச் சில்லுப் போடுகிறது, தேசிக்காய் நசிக்காமல் விடலாமா?

“ராகுகாலத்துக்கு முதல் செய்துபோடுங்கோ” என்றாள் ஜெயந்தி.

“நாலரைக்குத்தானே? நேரம் கிடக்கு” என்றார் யோகராஜா. ஞாயிறு நாலரை என்பது யாழ்ப்பாணத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த கணக்கு.

“ஐயோ அண்ணை, அது ஊர்க் கணக்கு! இஞ்சை இப்ப ஐஞ்சு மணிக்கு முதலே பொழுதுபட்டிடும். கோயில் கலண்டர்ல சுவிஸ் நேரம் போட்டிருக்கு. மூண்டே முக்காலுக்குத் தொடங்குது!”

எல்லோரும் மணிக்கூட்டைப் பார்த்தார்கள். ஐந்து நிமிடம் இருந்தது.

அதுவரை ஆடி அசைந்து நடந்த வேலைக்கு அப்போது வந்ததே ஒரு வேகம்! ஜக் சர்ரென்று இறங்கியது. தேசிக்காய்கள் சில்லுக்கடியில் போயின. கற்பூரம் எரிந்தது. யோகராஜா பாய்ந்து சாரதி இருக்கையில் ஏறினார்.

“இஞ்சருங்கோ, அந்தச் சில்லு...” என்றாள் வேணுகா.

“நேரம் போகுது, குறுக்கை கதையாதையும்!”

கார் முன்னுக்கு நகர்ந்தது. நாலு தேசிக்காயும் சளக்கென்று நசிந்தன. ஜெயந்தி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். ராகுவை வென்றுவிட்ட சந்தோசத்தில் எல்லோரும் ரோல்ஸ் தின்ன மேலே போனார்கள்.

வீட்டுக்குப் போக வெளிக்கிடும்போது வேணுகா கேட்டாள்.

“எல்லாச் சில்லும் முறுக்கியாச்சோ?”

“ஓம் ஓம்.”

அவள் நம்பினாள். ஏன் நம்பினாள் என்று பிறகு தன்னைத்தானே எத்தனை தரம் திட்டியிருப்பாள்! இத்தனை வருடம் பழகிய ‘ஓம் ஓம்’ அல்லவா? ஆனால் உயிர் விசயத்தில் மனிசன் விளையாடமாட்டார் என்று நினைத்துவிட்டாள்.

திங்கட்கிழமை விடிய இருட்டோடு இருட்டாய்ப் புறப்பட்டாள். பனி மெல்லத் தூவிக்கொண்டிருந்தது. ரயர் ரோட்டை நன்றாய்ப் பிடித்தது. நேரத்துக்கு முன்னரே போய்விடலாம் என்று சந்தோசப்பட்டாள். மூன்றாவது வளைவு தாண்டியதும் ஸ்டியரிங் கையில் நடுங்கத் தொடங்கியது. முதலில் தன் கைதான் நடுங்குகிறதாக்கும் என்று நினைத்தாள். பிறகு முன்பக்கம் ‘டொக், டொக்’ என்றது. இடிப்பது இடப்பக்கம், தன் காலடியில்.

சத்தத்தைக் கேட்டதும் அவளுக்கு மற்றச் சத்தம் நினைவுக்கு வந்தது. கிண்ணத்தை ஏந்திக்கொண்டு அவள் கேட்டது மூன்று சில்லின் ‘டக்’ மட்டும்தான்.

பஸ் தரிப்பிடம் ஒன்றில் மெல்ல ஒதுக்கி நிறுத்தி, டோர்ச்சை அடித்துப் பார்த்தாள். ஐந்து நட்டும் கையால் திருகக்கூடியதாய் ஆடிக்கொண்டிருந்தன. ரயர்ப் பள்ளத்துக்குள் நேற்றைய தேசிக்காய்த் தோல் ஒரு துண்டு மஞ்சளாய் ஒட்டிக்கொண்டு நின்றது. அதைக் கண்டதும் அவளுக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவேயில்லை. ராகுகாலம் பார்க்கத் தெரிந்த மூன்று பேருக்கு நட்டுப் பார்க்கத் தெரியாமல் போய்விட்டதே! வெறும் ரோட்டில் நின்று, யாழ்ப்பாணத் தமிழில் தனக்குத் தெரிந்த அவ்வளவு வசவையும் வாய்விட்டுச் சொன்னாள். கேட்க ஒரு மாடுகூட இல்லை.

அலுவலகத்துக்குப் போன் பண்ணிப் பிந்துமென்று சொன்னாள். முதல் நாளே இப்படிச் சொல்ல அழுகை வந்தது. பிறகு பின்பெட்டியிலிருந்து காரோடு வந்த வளைந்த சாவியை எடுத்து நட்டில் கொழுவினாள். கைப்பலம் போதவில்லை. காலை வைத்து ஏறி மிதித்தாள். சிறீதரன் செய்தது போலவே ஒன்றுவிட்டு ஒன்றாய் ஐந்தையும் இறுக்கினாள். பிறகு மற்ற மூன்று சில்லையும் ஒருதரம் மிதித்துப் பார்த்தாள். இனி யார் சொல்வதையும் நம்புவதாயில்லை.

ஃபிராவ் சூர்பூகனின் வீட்டுக்குள் அவள் நுழைந்தபோது மூதாட்டி முகட்டைப் பார்த்தபடி கிடந்தார்.

“ஏழு மணி என்றார்கள். எனக்கு ஆறரையிலிருந்து மூத்திரம் முட்டுகிறது” என்றார் கடுப்பாக.

வேணுகா மன்னிப்புக் கேட்டு, கரி பிடித்த கைகளை இரண்டு தரம் தேய்த்துக் கழுவிவிட்டு வந்து, அவரைத் தூக்கி நிறுத்திக் கழிப்பறைக்குக் கூட்டிப் போனாள். ஈர உடுப்பை மாற்றினாள். அடக்க முடியாமல் மூதாட்டி படுக்கையிலேயே கொஞ்சம் நனைத்துவிட்டிருந்தார். அந்த வெட்கத்தில் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். வேணுகாவுக்கு அதுதான் தாங்கவில்லை.

கால்மேசு போட்டுவிடும்போது மூதாட்டி கேட்டார், காரில் என்ன கோளாறு என்று. சொன்னாள். சில்லை யார் போட்டது? கணவரும் கூட்டாளியும். முறுக்கியாயிற்றா என்று நீ கேட்கவில்லையா? கேட்டேன், ஆம் ஆம் என்றார்.

“என்னுடைய ஆளும் அப்படித்தான். செத்துப்போகும் வரைக்கும் யா, யா” என்றார் ஃபிராவ் சூர்பூகன். “நாளைக்கு ஏழு மணிக்கு வா.”

பின்னேரம் அவள் வீட்டுக்கு வந்தபோது யோகராஜா சாப்பாட்டு மேசையில் இருந்தார். காலையிலேயே அவள் போனில் ஏசியிருந்தாள். அந்தக் கதை அதற்குள் சிறீதரன் வீடுவரை போய், உருமாறித் திரும்பி வந்திருந்தது.

“ஜெயந்தி சொல்லுறா, தேசிக்காய்தான் காப்பாத்தினதாம். நேரத்துக்கு நசிச்சபடியாத்தான் சில்லுக் கழலாமல் நிண்டதாம்.”

வேணுகா அவரை ஏறிட்டுப் பார்த்தாள். கத்தினால் என்ன பிரயோசனம்? கையிலிருந்த வளைந்த சாவியைச் சோற்றுக் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தாள்.

“இண்டைக்கு ஒரு கிழவி எனக்காகப் பாத்துக்கொண்டு கிடந்து படுக்கையை நனைச்சுப் போட்டுது. நான் ஆரையும் அப்பிடிக் கிடத்திறேல்லை எண்டு நினைச்சுப் போனனான். நேற்று உங்களிட்டை ஒரு கேள்வி கேட்டனான். முறுக்கியாச்சோ எண்டு. நீங்கள் பாத்தனீங்களோ?”

யோகராஜாவின் வாய் வழக்கம்போலத் திறந்தது. மூடிக்கொண்டது. சாவியைப் பார்த்தார்.

“இல்லை” என்றார்.

கலியாணம் கட்டியதிலிருந்து அந்த வாயிலிருந்து அவள் அந்தச் சொல்லைக் கேட்டதில்லை. அவருக்கும் அது புதிதாயிருந்திருக்க வேண்டும், கண் கலங்கிவிட்டது. அவளுக்கு ஆத்திரம் ஆறியது என்று சொல்லமுடியாது. ஆனால் முதல் தடவையாக ஒரு மனிசனோடு கதைக்கிற மாதிரி இருந்தது.

“கொஞ்சத் தூரம் ஓடினாப் பிறகு திருப்பி ஒருக்கா இறுக்க வேணும். வாங்கோ” என்று சாவியை எடுத்தாள்.

அவர் கை கழுவிக்கொண்டு உடனே எழும்பினார். அதுவும் புதிது. கீழே அவர் டோர்ச்சைப் பிடிக்க, அவள் நாலாவது சில்லின் நட்டுகளை ஏறி மிதித்தாள். பனி இருவர் தலையிலும் விழுந்துகொண்டிருந்தது.

“எல்லாம் இறுகிட்டுதோ?” என்று கேட்டார் யோகராஜா.

வேணுகாவுக்கு வாய்வரை வந்தது, ஓம் ஓம் என்று. விழுங்கிக்கொண்டு சாவியை அவரிடம் நீட்டினாள்.

“என்னைக் கேளாதேங்கோ. நீங்களே பாருங்கோ.”

அவர் குனிந்து ஒவ்வொன்றாய்ப் பார்க்கத் தொடங்கினார். டோர்ச்சை அவள் வாங்கிப் பிடித்தாள்.