வெள்ளிமலையில் கடலுக்குப் போட்ட இருபது வருஷத் திட்டம்

போன தை மாதம் மூன்றாவது செவ்வாய்க்கிழமை கல்வராயன் மலைக்குப் போய் வந்தேன். நான் இங்கே எழுதுவது பெரும்பாலும் கோயில் பயணம்தான். ஆனால் வெள்ளிமலைக்கு எப்படிப் போவது, எந்த பஸ், சாப்பாடு கிடைக்குமா என்று நாலைந்து பேர் கேட்டிருந்தீர்கள். எல்லாம் சொல்கிறேன். ஆனால் நான் அருவி பார்க்கப் போகவில்லை. என் மகள் சங்கீதாவின் வீடு கடலுக்குள் போகாமல் இருக்க ஒரு மனு கொடுக்கப் போனேன். கடலுக்கு மனு கொடுக்க எதற்கு மலை ஏற வேண்டும் என்று கேட்பீர்கள். நானும் அதைத்தான் கேட்டேன்.

முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊர் களமருதூர் பக்கம். நெல்லும் உளுந்தும் போடுகிறவர்கள். எங்கள் அம்மன் வருஷா வருஷம் மாசி மகத்துக்கு டிராக்டரில் ஏறிக் கடலுக்குப் போவாள். பாண்டிச்சேரிக்கு வடக்கே, எல்லை தாண்டியதும் நம் பக்கத்தில் ஒரு மீனவர் தெரு இருக்கிறது. அந்தக் கரையில் இறங்கித்தான் தீர்த்தவாரி. அப்படிக் கூடப் போன இடத்தில் என் மகள் அந்தத் தெருப் பையன் ஒருவரைப் பார்த்துவிட்டாள். ஒன்றரை வருஷம் அவளோடு நான் பேசவில்லை. பிறகு ஒரு மாசி மகத்தில் அந்தப் பையனே அம்மன் பல்லக்குக்குத் தோள் கொடுத்து நின்றார். அம்மன் கூட்டிக்கொண்டு போய் விட்ட இடம், தடுக்க நான் யார் என்று நானும் இறங்கி வந்தேன்.

தெருவில் நாற்பத்திரண்டு வீடு. சங்கீதாவுடையது கடைசி வீடு. கல்யாணமான புதிதில் அவள் வாசலிலிருந்து தண்ணீர் வரை தொண்ணூறு தப்படி நடந்தேன். இப்போது பதினொன்று. எல்லைக்குத் தெற்கே கரையைக் காப்பாற்றக் கல் கொட்டினார்கள். அங்கே மணல் சேர்ந்தது. வடக்கே வரவேண்டிய மணல் வரவில்லை. இங்கேயும் கல் கொட்டினால் இன்னும் வடக்கே இருப்பவர்களுக்கு இதே கதிதான். அதனால் இரண்டு பக்கத்து அதிகாரிகளும் சேர்ந்து உட்கார்ந்து, இருபது வருஷத்துக்கு எந்தக் கரையை எப்போது காப்பது, கல்லா, மணலா என்று ஒரே திட்டமாகப் போடுகிறார்கள். நல்ல காரியம்தான். ரிஷிவந்தியத்தில் ஒரே உடம்பில் பாதி பாதியாக நிற்கிறாரே அர்த்தநாரீஸ்வரர், அவருக்கு எல்லைத் தகராறு வந்ததில்லை. முதல் நாள் அவரிடம் போய்த் தேன் அபிஷேகத்துக்குச் சொல்லிவிட்டுத்தான் வந்தேன்.

கூட்டத்தை வைத்தது வெள்ளிமலையில். கடலோரத்தில் வைத்தால் ஜனங்கள் கூடிவிடுவார்கள் என்று மாப்பிள்ளை சொன்னார். மலையில் குளுகுளு என்று இருக்கும் என்று நான் சொன்னேன். இரண்டும் சரியாகத்தான் இருக்கும். இரண்டாம் நாள் பொதுமக்கள் கருத்துக்கு அரை மணி நேரம் ஒதுக்கியிருந்தார்கள். மாப்பிள்ளை கடலுக்குப் போயிருந்ததால் சங்கீதா குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு முதல் நாள் மாலையே எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். கையில் நாற்பத்திரண்டு வீட்டுக் கையெழுத்தோடு ஒரு மனு.

இனி வழி. காலை 5.40க்கு உளுந்தூர்பேட்டையில் பஸ் ஏறினோம். ஆளுக்கு நாற்பது ரூபாய். 6.55க்குக் கள்ளக்குறிச்சி. பஸ் நிலையத்துக்கு வெளியே பொங்கலும் வடையும் அறுபது ரூபாய். பொங்கலில் மிளகைத் தேடித்தான் எடுக்க வேண்டும். 7.30க்குக் கச்சிராயபாளையம் டவுன் பஸ், பெண்களுக்கு டிக்கெட் இல்லை. 8.10க்கு இறங்கினால் மலைக்குப் போகிற பஸ் அப்போதுதான் கிளம்பிப் போயிருந்தது. அடுத்ததற்கு நிற்காமல் ஷேர் வேனில் ஏறினோம். ஆளுக்கு எழுபது ரூபாய், ஒன்றே கால் மணி நேரம். வளைவுகள் தொடங்கியதும் வயிற்றைப் புரட்டும். எலுமிச்சம்பழம் கொண்டு போங்கள். பனி விலகாத நேரத்தில் மரவள்ளிக் காடும் சாமைத் தட்டையும் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். எனக்குத்தான் பார்க்கிற மனசு இல்லை.

வேன் ஓட்டியவர் மலைக்காரர். நாற்பது வயது இருக்கும்.

“இன்னாம்மா, அருவிக்கா?” என்றார்.

“இல்லப்பா. கடல் மீட்டிங்குக்கு.”

கண்ணாடியில் என்னைப் பார்த்தார். “கடலு கீழ இல்ல இருக்குது? நீங்க மேல ஏறிகினு இருக்கீங்களே.”

சங்கீதா சிரித்துவிட்டாள். அன்று அவள் சிரித்தது அந்த ஒரு முறைதான்.

“நேத்து எட்டு காரு போச்சும்மா. மீன் பொட்டி கூட ஐஸ் போட்டு ஏறுச்சு. இன்னா மீட்டிங்கு?”

“இருபது வருசத்துக்குத் திட்டம் போடறாங்களாம்.”

“எங்க ஊருக்கு ரோடு போட எங்க அப்பாரு காலத்துல இப்பிடித்தான் எழுதிகினு போனாங்க.”

“வந்துச்சா?”

“எழுதனவரு ரிட்டையர் ஆயிட்டாரு,” என்றார்.

9.40க்கு வெள்ளிமலை. கூட்டம் ஒரு விடுதியின் மண்டபத்தில். வாசலில் பெயர் எழுதுகிறவர் எந்த மாவட்டம் என்று கேட்டார். சங்கீதா விழுப்புரம் என்றாள், விட்டார். நான் கள்ளக்குறிச்சி என்றேன்.

“கடலோர மாவட்டத்துக்கு மட்டுந்தாங்க.”

“மாவட்டத்தப் பிரிக்கற வரைக்கும் நாங்களும் அந்தக் கடலு மாவட்டந்தாம்பா.”

“இப்ப இல்லீங்களே.”

“இந்த மலையே கள்ளக்குறிச்சிதான. எங்க எடத்துல வந்து உக்காந்துகினு எங்களயே வெளிய நிக்கச் சொல்றியே, ஞாயமா?”

அவருக்கே சங்கடமாகிவிட்டது. சங்கீதாவுக்குத் ‘துணை’ என்று எழுதி என்னைக் கடைசி வரிசையில் உட்கார வைத்தார். கடலோரத்திலிருந்து வந்த பொதுமக்கள் என்று பார்த்தால் எங்களைச் சேர்த்து ஐந்து பேர். அத்தனை தூரம், மூன்று பஸ் மாறி, ஒரு நாள் தொழிலை விட்டுவிட்டு யார் வருவார்கள்?

பதினோரு மணிக்கு என்று சொன்ன கருத்துக் கேட்பு சாப்பாட்டுக்குப் பிறகு என்றானது. சாப்பாட்டில் வஞ்சிரம் வறுவல். செவ்வாய்க்கிழமை என்பதால் நான் ரசம் சாதத்தோடு நிறுத்திக்கொண்டேன். சங்கீதா மீன் துண்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு ஓரமாக வைத்தாள். “நாலு நாளாவது ஆயிருக்கும்,” என்றாள்.

2.15க்கு ஆரம்பித்தார்கள். திரையில் கடற்கரை முழுவதும் வரைபடமாகத் தெரிந்தது. முதல் ஐந்து வருஷத்தில் மணல் கொட்டிக் காக்கிற கரை பச்சை. அடுத்த ஐந்து வருஷம் மஞ்சள். மீதி சாம்பல் நிறம். அதற்குப் பக்கத்தில் ‘பின்னர் பரிசீலிக்கப்படும்’ என்று எழுதியிருந்தது. சங்கீதாவின் தெரு சாம்பல். பதினோரு தப்படிக்குப் பத்து வருஷம் கழித்துப் பரிசீலனை.

சங்கீதா எழுந்து மனுவைக் கொடுத்தாள். எல்லைக்கு அந்தப் பக்கத்துப் பொறியாளர் ஒரு அம்மா, பொறுமையாகவே விளக்கினார். மணல் கொஞ்சம்தான் இருக்கிறது, அதனால் பயன்பாட்டில் இருக்கிற கரைக்குத்தான் முதலில் என்று இரண்டு பக்கமும் ஒத்துக்கொண்டிருக்கிறோம், உங்கள் கரையில் இப்போது படகு கூட நிற்பதில்லையே என்றார்.

“படகு நிறுத்த மணல் இல்லாமத்தாங்க வேற எடத்துக்குப் போனாங்க,” என்றாள் சங்கீதா. “ஆனா மாசி மகத்துக்கு எங்க கரையிலதான் சாமி எறங்குது. எங்கம்மா ஊரு சாமியே அங்கதான் வரும். அதுவும் பயன்பாடு இல்லீங்களா?”

அது நியாயமான கேள்வி என்று அந்த அம்மாவே தலையாட்டினார். பக்கத்தில் இருந்த நம் பக்கத்து அதிகாரி கோப்பைப் புரட்டினார். “தீர்த்தவாரி அங்கேயிருந்து மாறிடுச்சேம்மா. விழாக்குழுவே எழுதிக் கொடுத்திருக்காங்க,” என்று சொல்லி, அந்தக் கடிதத்தைத் திரையில் போட்டார்.

மேலே பிள்ளையார் சுழி. அதன் வாலை நான் இரண்டு தரம் சுழித்து இழுப்பேன். அதற்குக் கீழே ‘அம்மன் துணை’. அதற்குக் கீழே என் கையெழுத்தில், ‘மேற்படி கரையில் மணல் அறவே இல்லை. நிற்கவும் இடமில்லை. கரை பயன்படுத்த முடியாத நிலையில் உள்ளது. ஆகவே தீர்த்தவாரியை எல்லைக்கு அந்தப் பக்கத்துக் கரைக்கு மாற்ற அனுமதி வேண்டுகிறோம்.’

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். போன வருஷம் மாசி மகத்துக்கு முன்னால் எங்கள் விழாக்குழு கூடியது. எல்லைக்கு அந்தப் பக்கம் மணல் அகலமாக இருக்கிறது. பந்தல் உண்டு, கக்கூஸ் உண்டு, டிராக்டரும் பஸ்ஸும் நிற்க இடம் உண்டு. வயசானவர்களுக்குச் சவுகரியம் என்று நானும்தான் சொன்னேன். என் கையெழுத்து மணிமணியாக இருக்கும் என்று என்னையே எழுதச் சொன்னார்கள். மனு என்றால் கொஞ்சம் அழுத்தி எழுதினால்தான் காரியம் நடக்கும். பம்புசெட்டுக்கு எழுதினாலும் பட்டாவுக்கு எழுதினாலும் எங்கள் பக்கம் அதுதான் வழக்கம். அப்போது அந்தக் கரையில் முப்பது தப்படி மணல் இருந்தது. அம்மன் தாராளமாக நின்றிருக்கலாம். நான் ‘அறவே இல்லை’ என்று எழுதினேன். அனுமதி ஒரே வாரத்தில் வந்தது. என் எழுத்துக்கு வந்த அனுமதி என்று நாலு பேரிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டேன்.

மண்டபத்தில் நான் எழுந்தேன். “அத எழுதனது நாந்தாங்க. கூட்டி எழுதிட்டேன். மணல் இருந்துச்சு,” என்றேன். அதிகாரி என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. “எழுத்துல இருக்கிறதைத்தாம்மா நாங்க எடுத்துக்க முடியும். ஆட்சேபம் இருந்தா மாசி கடைசி வரைக்கும் கொடுக்கலாம். கரை பயன்பாட்டுல இருக்குதுன்னு ஆதாரத்தோட கொடுங்க,” என்றார். அடுத்த ஊரைக் கூப்பிட்டார்கள். சங்கீதா என் பக்கம் திரும்பிப் பார்க்கவே இல்லை.

3.30க்கு இறங்குகிற வேனில் ஏறினோம். அதே எழுபது ரூபாய். கச்சிராயபாளையம் பஸ் நிறுத்தத்தில் நான்தான் முதலில் வாயைத் திறந்தேன்.

“எதனா கேளுடி.”

“இன்னா கேக்கறது? சுழியப் பாத்ததுமே தெரிஞ்சுபோச்சு. ஒன்னாட்டம் வேற யாரு இழுப்பா?”

“நான் இப்பிடி ஆவும்னு நெனைக்கலடி.”

“போன மாசிக்கு நான் ஏழு மாசம் முழுவாம இருந்தேன். தெரு முழுக்கக் கோலம் போட்டுகினு, கொடத்துல மஞ்சத்தண்ணி கரைச்சு வெச்சிகினு, பொழுது சாயற வரைக்கும் காத்துகினு இருந்தோம். நீ போன்ல இன்னா சொன்ன?”

டிராபிக்கில் மாட்டிக்கொண்டோம், போலீஸ் வேறு கரைக்குத் திருப்பிவிட்டது என்று சொல்லியிருந்தேன். அம்மனோடு போய்விட்டு வந்து சொன்ன பொய். பஸ் வந்தது. ஏறும்போது சங்கீதா சொன்னாள்: “சாமி எங்க வேணா நிக்கட்டும். இந்த மாசிக்கு நீ வா.”

ஊருக்கு வந்ததும் விழாக்குழுவைக் கூட்டச் சொன்னேன். பழைய கரைக்கே போகலாம், நான் எழுதியது தப்பு என்றேன். தலைவர் எனக்குத் தம்பி முறை. “அங்க பந்தலு, தண்ணி எல்லாம் இருக்குதுக்கா. ஆத்தாளுக்கும் சவுரியம்,” என்றார். அம்மனுக்கு எதற்குக் கக்கூஸ் என்று கேட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். முடிவு மாறவில்லை. அன்று சவுகரியம் என்று முதலில் சொன்னவளே நான்தான். அவர்களை எந்த வாயால் திட்டுவது?

மலைக்குப் போகிறவர்களுக்கு: கச்சிராயபாளையத்தில் காலை எட்டு மணிக்கு முன்னால் இருந்தால் பஸ்ஸைப் பிடிக்கலாம். மாலை நாலு மணிக்கு மேல் வேன் நிச்சயமில்லை. தை மாதத்தில் ஸ்வெட்டர் வேண்டும். அருவிக்கு மழை முடிந்த கையோடு போங்கள், தையில் தண்ணீர் கம்மி. மலைத்தேன் வாங்கினால் வேன்காரரைக் கேட்டு, தெரிந்த வீட்டில் வாங்குங்கள். உளுந்தூர்பேட்டையிலிருந்து போக வர எனக்கு ஆன செலவு, சாப்பாடு சேர்த்து முந்நூறு ரூபாய்க்குள்.

கடலுக்குப் போகிறவர்களுக்கு: மாசி மகத்தன்று நீங்கள் எந்தச் சாமியோடு எந்தக் கரைக்குப் போனாலும், பாண்டிச்சேரி தாண்டி வடக்கே வருகிற வழியில் எங்கள் தெருவில் பத்து நிமிஷம் இறங்குங்கள். மெயின் ரோட்டிலிருந்து நடை தூரம்தான். கேட்டு எழுதினால் வழி சொல்கிறேன். கக்கூஸ் இல்லை, பந்தல் இல்லை, வண்டி நிறுத்த இடமில்லை. இந்த முறை கூட்டியும் எழுதவில்லை, குறைத்தும் எழுதவில்லை. காலை நனைத்துக்கொண்டு, முகம் தெரிய ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்கள். ஆட்சேபத்தோடு சேர்த்துக் கொடுக்க வேண்டும்.

எங்கள் டிராக்டர் விடிகாலை மூன்று மணிக்குக் கிளம்பும். நான் அதில் ஏறப்போவதில்லை. முப்பது வருஷத்தில் மாசி மகத்துக்கு அம்மன் இல்லாமல் நான் கடலுக்குப் போவது இதுதான் முதல் தடவை. முதல் நாளே பஸ்ஸில் போய்ச் சங்கீதாவின் வாசலில் கோலம் போட வேண்டும். நேற்று போன் செய்து எத்தனை தப்படி என்று கேட்டேன். அவள் வாசலில் இறங்கி நடந்து பார்த்துவிட்டுச் சொன்னாள், ஒன்பது.