மலர்க்கொடியின் முப்பத்தொரு குடுவைகள்

என் மனைவி மலர்க்கொடி எதற்கும் பயப்படாதவள் என்றுதான் பதினெட்டு வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன். புத்தூரில் ஒரு லேபில் ரத்தம் எடுக்கிறவள். ஊசியைப் பார்த்ததும் வீறிடும் குழந்தைகள், மயங்கிச் சாயும் மீசைக்காரர்கள் என்று எல்லாரையும் சமாளித்தவள். நான் வீரமலை, சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்கும் ஸ்ரீரங்கத்துக்கும் போய்வரும் டவுன் பஸ்ஸில் கண்டக்டர். எங்கள் வீட்டில் பயப்படுகிற வேலை என்னுடையது.

மாம்பழச் சாலைப் பக்கம் ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். பையன் கோயம்புத்தூர் ஹாஸ்டலுக்குப் போன வருஷம் அவளுக்குச் செடிப் பைத்தியம் பிடித்தது. மல்லி, செம்பருத்தி என்று வளர்த்தால் பூஜைக்காவது ஆகும். இவள் வாங்கியது பூச்சி தின்னும் குடுவைச் செடி. இலை நுனியிலிருந்து ஒரு காம்பு நீண்டு, அதில் விரல் நீளத்துக்குக் குடுவை தொங்கும். மேலே ஒரு மூடி, உள்ளே கொஞ்சம் கொழகொழப்பான நீர். விளிம்பில் இனிப்பை நக்க வருகிற எறும்பு வழுக்கி உள்ளே விழும். அதுதான் செடிக்குச் சாப்பாடு. பால்கனியின் இன்னொரு பக்கத்தில் காற்றுச் செடிகள். அவற்றுக்கு மண்ணே வேண்டாம். கம்பியில் கட்டித் தொங்கவிட்டு, வாரத்துக்கு ஒருமுறை தண்ணீரில் முக்கி எடுத்து உதறினால் போதும்.

எங்கள் போர்வெல் தண்ணீர் உப்பு. குடுவைச் செடிக்கு உப்பு ஆகாது. அதனால் லேப் ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரை ஐந்து லிட்டர் கேனில் பிடித்து, என் பஸ்ஸிலேயே ஏறி வருவாள். "என்னம்மா, கோயில் தீர்த்தமா?" என்று யாராவது கேட்டால், "ஏசி தீர்த்தம்" என்று நான் பதில் சொல்வேன். முறைப்பாள்.

கீழ்வீட்டு ரஷீதாவின் மகள் அல்ஷிஃபாவுக்கு எட்டு வயது. அப்பா பரக்கத் அலி துபாயில் இருக்கிறார். ஸ்கூல் விட்டு வந்ததும் தீப்பெட்டியில் எறும்பு பிடித்துக்கொண்டு மாடிக்கு ஓடி வருவாள். ஸ்டூலில் ஏறி நின்று குடுவைக்கு ஒன்றாகப் போட்டு, மலரிடம் ஆயிரம் கேள்வி கேட்பாள். என்னிடம் பேசுவதைவிட அந்தப் பெண்ணிடம்தான் மலர் அதிகம் பேசினாள்.

செப்டம்பரில் கொச்சியிலிருந்து கூரியரில் ஒரு பெரிய செடி வந்தது. வழியில் கவிழ்ந்து குடுவையில் இருந்த நீரெல்லாம் கொட்டிப்போயிருந்தது. காய்ந்துவிடுமே என்று மலர் ஏசி தண்ணீரை ஊற்றி நிரப்பி வைத்தாள்.

அடுத்த வாரம் மாநகராட்சியிலிருந்து கொசுப்புழு பார்க்க ஒரு அம்மா வந்தார். தொட்டி, ஃபிரிட்ஜின் பின்தட்டு, மொட்டைமாடிச் சாமான் என்று ஒன்றையும் விடவில்லை. பால்கனிக்கு வந்து குடுவைகளைக் காட்டி, "இதுல தண்ணி நிக்குங்களா?" என்றார். நிற்கும் என்றால் கொட்டச் சொல்வார், மலர் சாப்பிடாமல் கிடப்பாள்.

"இல்லங்க, அது பூ" என்றேன்.

சாயங்காலம் மலரிடம் அதைப் பெருமையாகச் சொன்னேன். அவளும் சிரித்தாள்.

அக்டோபர் மழையில் அல்ஷிஃபாவுக்குக் காய்ச்சல் வந்தது. அவளுக்கு ரத்தம் எடுத்ததே மலர்தான். டெங்கு. புத்தூரில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். தன் ஒன்றரை வயதுப் பையன் கலீமை ரஷீதா எங்கள் வீட்டில் விட்டாள். "உங்களை விட்டா எனக்கு யாருக்கா இருக்கா" என்று சொல்லிவிட்டு ஆட்டோவில் ஏறினாள். நான் லீவு போட்டுப் பிள்ளையைப் பார்த்துக்கொண்டேன். பிளேட்லெட் முதல் நாள் எண்பதாயிரம், மறுநாள் நாற்பத்தோராயிரம், அதற்கும் மறுநாள் இருபத்துமூவாயிரம். மலர் போனில் எண்ணை மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிடுவாள்.

மூன்றாம் நாள் மத்தியானமே வீட்டுக்கு வந்துவிட்டாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. கைப்பையிலிருந்து லேப் டிராப்பரை எடுத்துக்கொண்டு நேராகப் பால்கனிக்குப் போனாள். ஒவ்வொரு குடுவையிலும் உறிஞ்சி ஒரு வெள்ளைத் தட்டில் விட்டாள். பழைய செடிகளில் செத்த எறும்புகள் மட்டுமே இருந்தன. எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. கொச்சிச் செடியின் குடுவையிலிருந்து எடுத்ததைத் தட்டில் விட்டாள். அது நெளிந்தது. ஏழெட்டுப் புழுக்கள், துள்ளித் துள்ளி மடங்கின.

"செடி தானா சுரக்குற நீரா இருந்தா இதுங்க செத்திருக்கும். நான் ஊத்துனது வெறும் தண்ணிங்க" என்றாள். டிராப்பரை எட்ட வைத்துவிட்டு விலகி நின்றாள். அவள் பயந்து நான் அன்றுதான் பார்த்தேன்.

டெங்குக் கொசு பகலில் கடிக்கும். மூன்று நாளாக இந்தப் பால்கனியில்தான் கலீமை இடுப்பில் வைத்து, குடுவைகளைக் காட்டிக் காட்டிச் சோறு ஊட்டியிருக்கிறேன். உள்ளே பாயில் அவன் தூங்கிக்கொண்டிருந்தான்.

"கொட்டிடு மலரு" என்றேன். "யாருக்கும் தெரிய வேணாம். ஊரு பூரா மழை, ஊரு பூரா கொசு. இதுலேருந்து போனதுதான் கடிச்சுதுன்னு யாரால சொல்ல முடியும்?"

"யாராலயும் சொல்ல முடியாது. இல்லைன்னும் சொல்ல முடியாது." தட்டை மூடினாள். "அவ புள்ள நம்ம வீட்ல இருக்கான்ங்க. இது தெரியாமதான் விட்டுட்டுப் போயிருக்கா."

எல்லாக் குடுவைகளையும் கொட்டினாள். கடைக்கு ஓடிப்போய்க் குடை மாதிரி விரிகிற கொசுவலை ஒன்று வாங்கி வந்து கலீமின் மேல் கவிழ்த்தாள். பிறகு ரஷீதாவிடம் சொல்லிவிட்டு வருகிறேன் என்று ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிப் போனாள்.

வலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். ஃபேனை நிறுத்திக் காது கொடுத்துக் கேட்டேன், மறுபடி போட்டேன். பிள்ளையின் காலில் ஒரு சிவப்புப் புள்ளி தெரிந்தது. எறும்புக் கடியா, கொசுக் கடியா என்று குனிந்து குனிந்து பார்த்தேன். நெற்றியில் புறங்கையை வைத்தால் சுடுகிற மாதிரி இருந்தது, என் நெற்றியும் அப்படித்தான் இருந்தது.

போன் அடித்தது. ரஷீதா.

"அண்ணே, கலீம் எங்க இருக்கான்?"

"கொசுவலைக்குள்ள தூங்குறான்மா."

"காய்ச்சல் இருக்கா?"

"இல்லம்மா." அதோடு வைத்திருக்கலாம். ஆனால் வாய் நிற்கவில்லை. "மாநகராட்சிலேருந்து வந்தப்பவே கேட்டாங்கம்மா. பூன்னு பொய் சொன்னது நான்தான்."

அந்தப் பக்கம் ஆஸ்பத்திரியில் யாரையோ பேர் சொல்லிக் கூப்பிடுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"என் தம்பி வர்றான். கலீமைக் குடுத்துவிடுங்க" என்றாள்.

தம்பி வந்தான். பிள்ளையை வலையோடு தூக்கிக்கொண்டு போனான்.

மறுநாள் பிளேட்லெட் பத்தொன்பதாயிரம். அன்று நாங்கள் இருவரும் சாப்பிடவில்லை. அதற்கு அடுத்த நாள் முப்பத்தாறாயிரம் என்று போனில் சொல்லும்போது மலர் விம்மி விம்மி அழுதாள். கலீமுக்குக் காய்ச்சல் வரவில்லை. இரண்டு வாரம் வரை நான் தினமும் அவன் மாமாவுக்குப் போன் செய்து கேட்டேன். கடைசியில் அந்தத் தம்பி எரிந்து விழுந்தான்.

மலர் முப்பத்தொரு குடுவைகளையும் கத்தரித்து எறிந்தாள். வெறும் இலையோடு செடிகள் நின்றன. கொச்சிச் செடியை வேரோடு பிடுங்கிவிட்டாள். அல்ஷிஃபா வீடு திரும்பிய பிறகும் மாடிக்கு வரவில்லை. படிக்கட்டில் காலடிச் சத்தம் கேட்டால் மலர் திரும்பிப் பார்ப்பாள், வருவது நானாக இருக்கும்.

டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பழைய செடி ஒன்றில் புதிதாகக் குடுவை விட்டிருந்தது. சுண்டுவிரல் அளவுதான், மூடி இன்னும் திறக்கவில்லை. மலர் கத்தரியை எடுத்துக்கொண்டு நின்றிருந்தாள். அப்போது ரஷீதா மேலே வந்தாள். இடுப்பில் கலீம், கையில் எங்கள் கொசுவலை.

"குடுத்துட்டுப் போலாம்னு வந்தேன்க்கா." வலையை நாற்காலியில் வைத்தவள் கத்தரியைப் பார்த்தாள். "இதையும் வெட்டப் போறீங்களா?"

"ஆமா ரஷீதா."

ரஷீதா குனிந்து அந்தக் குடுவையைப் பார்த்தாள். "அல்ஷிஃபா கேட்டுக்கிட்டே இருக்கா. மூடி திறக்குறன்னிக்குக் கூப்பிடுங்க. நானும் கூட வரேன்." பிறகு சொன்னாள்: "தண்ணி மட்டும் ஊத்தாதீங்க."

மலர் தலையாட்டினாள். கத்தரியைக் கீழே வைத்துவிட்டு, எப்போதும் போலக் கலீமை வாங்க இரண்டு கையையும் நீட்டினாள். அவனும் தாவினான். ரஷீதா அவனை இடுப்பிலிருந்து இறக்கவில்லை.