எட்டுப் பருவமும் டெலியாவும்

எங்கள் ரொசாரியோ நகரத்தில் பல்லுக்கு டாக்டர் இல்லாத ஆளைப் பார்த்துவிடலாம், மனசுக்கு டாக்டர் இல்லாத ஆளைப் பார்ப்பது கஷ்டம். செவ்வாய்க்கிழமை அந்த மனசு டாக்டரிடம் போய் அழுவார்கள். அப்புறம் டெலியா பசுவால்டோவின் பார்லருக்கு வந்து, தலையில் சாயம் காய்கிற வரைக்கும் மிச்சத்தையும் அழுது தீர்ப்பார்கள். கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போன டெலியா, புருஷன் போய்ச் சேர்ந்த மறுவருஷம், அறுபத்து மூன்று வயதில், பல்கலைக்கழகத்தில் உளவியல் படிக்கச் சேர்ந்துவிட்டாள். எங்கள் ஊரில் படிப்புக்குக் கட்டணமும் கிடையாது, வயசும் கேட்க மாட்டார்கள். அக்கம்பக்கத்தார்தான் கேட்டார்கள்.

முதல் வருஷத்தில் ஒரு பாடம்தான் காலை வாரியது. பிறந்த குழந்தை முதல் கிழவி வரை வாழ்க்கையை எட்டுப் பருவமாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் மனசு தாண்டவேண்டிய சிக்கல் ஒன்று உண்டு என்று சொல்கிற பாடம். பரீட்சை வாய்மொழி. எதிரே மூன்று பேராசிரியர்கள். முதல் தலைப்பை மட்டும் நாமே எடுத்துக்கொண்டு பேசலாம். அந்தச் சலுகையில்தான் டெலியா கவிழ்ந்தாள். ஜூலையில் முதுமையை எடுத்தாள். கடைசிப் பருவத்தில் மனிதர் திரும்பிப் பார்த்து, வாழ்ந்த வாழ்க்கையை ஏற்றுக்கொள்ள வேண்டும் என்கிறது புத்தகம்.

"நான் இப்பதான் ஆரம்பிக்கிறேன், திரும்பிப் பாக்க எனக்கு ஏது நேரம்?" என்று சண்டைக்குப் போனாள்.

"உங்க அபிப்பிராயத்தை யாரும் கேக்கலம்மா. பாடத்தைச் சொல்லுங்க" என்றார் மூவரில் ஒருவரான டாக்டர் ஓல்மேடோ.

ஆகஸ்டிலும் அதே முதுமை, அதே சண்டை, அதே ஃபெயில். பிடிவாதத்துக்கு ஒரு அளவு வேண்டாமா?

அன்றைக்கே மகள் ரொமினா தூரத்து நெயுக்கேன் ஊரிலிருந்து ஃபோனில் பிடித்துக்கொண்டாள். "போதும்மா. வீட்டை வித்துட்டு இங்க வந்துடு. புள்ளைங்களப் பாத்துக்க ஆள் வேணும்."

டெலியாவுக்குச் சுருக்கென்றது. "டிசம்பர்ல தேறலேன்னா வர்றேன். தேறிட்டேன்னா இந்தப் பேச்சையே எடுக்கக்கூடாது. சரியா?"

"சரி" என்றாள் ரொமினா.

வீடு, பார்லர், படிப்பு எல்லாம் ஒரே பரீட்சையில் தொங்கியது. வகுப்புத் தோழி மிலாக்ரோஸ் தினமும் வெந்நீர் ஃபிளாஸ்க்கோடு வந்துவிடுவாள். இருபது வயசுக் குட்டி. ஒரே குவளையில் மாத்தே இலைத் தேநீரை மாற்றி மாற்றி உறிஞ்சிக்கொண்டு இருவரும் உருப்போட்டார்கள். தெருவில் யாருக்கு எத்தனாவது பருவம் என்று கணக்குப் போடுவதுதான் விளையாட்டு; ஃபோனில் ரொமினாவிடமும் டெலியா இதையேதான் பேசுவாள்.

"டெலியாக்கா, கறிக்கடைக்காரருக்கு எத்தனாவது பருவம்?"

"நாலு. இன்னும் பள்ளிக்கூடப் பையன்தான். எல்லாத்துலயும் போட்டி."

"எனக்கு?"

"அஞ்சு. நான் யாருன்னு தேடுற வயசு. மாசத்துக்கொரு தலைமுடிக் கலர் கேக்குறவளுக்கு வேற என்ன? எங்க ரொமினா மட்டும்தான் எட்டுக்குள்ளயே அடங்காத ரகம். பெத்தது ரெண்டையும் என் தலையில கட்டப் பாக்குறா."

டிசம்பரில் டெலியா சண்டை போடவில்லை. நாக்கைக் கடித்துக்கொண்டு ஆறாம் பருவத்தை எடுத்தாள். இளம் வயதினர் ஒரு துணையோடு நெருங்கி வாழப் பழகும் பருவம். அது உடைந்தால் தனிமை. தண்ணீர் பட்ட பாடாகச் சொன்னாள்.

"பிள்ளை பெத்துட்டா அந்தச் சிக்கல் தீந்துடுமா?" என்று கேட்டார் ஓல்மேடோ.

"தீராது டாக்டர். வீடு நிறைய ஆள் இருந்தாலும் தனிமை தனிமைதான். தானா வாய்விட்டுச் சொல்லவும் மாட்டாங்க, நாமதான் கவனிக்கணும்."

மூன்று பேரும் தலையாட்டினார்கள். தேறிவிட்டாள்! மிலாக்ரோஸ் கட்டிப்பிடித்துக் குதித்தாள். டெலியா கல்லூரி வாசலிலிருந்தே மகளுக்கு ஃபோன் போட்டாள்.

"தேறிட்டேன்டி! இனிமே வீட்டை வித்துடுன்னு வாயத் தொறந்தே, பாத்துக்கோ!"



"சந்தோஷம்மா" என்றாள் ரொமினா. அப்புறம் அடக்கமாட்டாமல் அழுதுவிட்டாள்.

"என்னடி? புள்ளைங்களுக்கு என்ன?"

"புள்ளைங்க நல்லாத்தாம்மா இருக்காங்க. உன் மாப்பிள்ள தமியான் என்ன விட்டுட்டுப் போயிட்டாரு. ஆகஸ்ட்டுலயே பெட்டியக் கட்டிக்கிட்டுப் போயிட்டாரு. புள்ளைங்களுக்கு ஆள் வேணும்னு சும்மா சொன்னேன். எனக்குத்தாம்மா வேண்டியிருந்துச்சு. சாப்பிடறப்ப எதிர்ல ஒரு ஆள் உக்காந்தா போதும்னு இருந்துச்சு."

டெலியா அப்படியே படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டாள். "அடிப்பாவி, இத்தனை மாசமா என்கிட்ட ஏன்டி சொல்லல?"

"சொன்னா நீ எத்தனாவது பருவம்னு சொல்லுவேம்மா."

மார்ச் வரைக்கும் லீவு, வகுப்பு கிடையாது. டெலியா மூக்கைச் சிந்திக்கொண்டு, "நாளைக்கு பஸ் ஏறுறேன்" என்றாள். அதற்கும் ரொமினா அழுதாள். இந்தத் தடவை டெலியா ஒரு வார்த்தை பேசாமல், ஃபோனைக் காதிலேயே வைத்துக்கொண்டு, அவள் அழுது முடிக்கும் வரை உட்கார்ந்திருந்தாள்.