புதுக் கம்பெனி கார்டு

1998 நவம்பர் 14, சனிக்கிழமை, மாலை நாலு மணி பத்து நிமிஷம். மயிலாப்பூரில் காலையிலிருந்தே விட்டுவிட்டுத் தூறல். என் மனைவி கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டு, "ஏன்னா, தலை சுத்தறது. இனிமே இது வேண்டாம்" என்றாள்.

குளியலறையில் வழுக்கி விழுந்த அவளுக்குக் காலில் மாவுக்கட்டு போட்டு அன்றைக்குப் பத்தொன்பதாவது நாள். இன்னும் இருபத்து மூன்று நாள் வாசற்படி தாண்டக் கூடாது. எங்களோடு ஈமெயிலில் பேச மகள் வாங்கி வைத்த கம்ப்யூட்டரில் கார் ஓட்டும் விளையாட்டு ஒன்று இருந்தது. ஸ்டூலில் காலை நீட்டிக்கொண்டு தினமும் ஒரு மணி நேரம் ஓட்டுவாள். ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் மலை. அந்த நாட்களில் அவள் வெளியே போய்வந்தது அந்தச் சாலையில் மட்டும்தான். ஆனால் திரையில் படம் ஒழுங்காக ஓடாமல் தத்தித் தத்திக் குதித்தது. ஒரு வளைவைக் கடக்கப் பதினான்கு குதி, நானே எண்ணினேன்.

படத்தை வரைவதற்கென்றே தனியாக கிராபிக்ஸ் கார்டு விற்பதாக அறிந்து, திங்கட்கிழமை தி.நகர் போனேன். மாடிக் கடைக்காரர் இரண்டு அட்டைப் பெட்டிகளை எடுத்து வைத்தார். பழைய கம்பெனியுடையது 6,850 ரூபாய். புதுக் கம்பெனியுடையது 5,200.

"புச்சா மார்க்கெட்ல எறங்கிகீது சார். வெலயும் கம்மி, வேகமும் டபுள்."

கம்பெனி ஆரம்பித்து எத்தனை வருஷம், நாளைக்கே மூடிவிட்டால் யாரிடம் போவது என்று ஒன்பது கேள்வி கேட்டேன்.

"கார்டு வாங்க வந்தீங்களா, பொண்ணு பாக்க வந்தீங்களா? ஜாதகம் கேக்கறீங்களே சார்!"

அவருக்கென்ன தெரியும்? வங்கியைவிட அதிக வட்டி தருவதாகச் சொன்ன ஒரு புது நிதி நிறுவனத்தில் பணம் போட்டு, ஒரு காலையில் அதன் கதவில் பூட்டைப் பார்த்தவன் நான். வரிசையில் எனக்கு முன்னால் இருநூற்றுப் பதினோரு பேர். குறைந்த விலைக்கு அதிகம் தருகிறேன் என்று எவன் சொன்னாலும் எனக்கு அந்தப் பூட்டுதான் கண்ணில் தெரியும். பழைய கம்பெனி கார்டையே வாங்கினேன்.

கடை மெக்கானிக் அன்று மாலையே வந்து பொருத்தினார். கடல் நல்ல நீலமாகத் தெரிந்தது. ஆனால் வளைவில் இன்னும் ஆறு குதி. அவள் கண்களை மூடிக்கொண்டாள்.

"பரவாயில்லைன்னா. மழையில அலைஞ்சு வாங்கிண்டு வந்தேளே, அதுவே போதும்."

பழைய வேட்டியால் கம்ப்யூட்டரை மூடச் சொன்னாள். பிறகு நாலு நாள் அதன் பேச்சையே எடுக்கவில்லை. ஜன்னலைப் பார்த்துப் படுத்திருந்தாள். கோபித்துக்கொண்டிருந்தால்கூடத் தேவலை. ஐந்தாம் நாள் கம்ப்யூட்டர் பெட்டியையே தூக்கிக்கொண்டு கடைக்குப் போனேன்.

"வாங்க மாமா! சம்பந்தம் ஒத்து வர்லியா?" என்று சிரித்த கடைக்காரர், பழையதை 4,500 ரூபாய்க்குத்தான் எடுத்துக்கொண்டார். புதுக் கம்பெனி கார்டை வாங்கி, மெக்கானிக்கை விட்டு அங்கேயே பொருத்திக்கொண்டு வந்தேன்.

அன்று சாயங்காலம் வளைவில் எண்ணுவதற்கு எனக்கு எதுவும் கிடைக்கவில்லை. சாலை எண்ணெய் போல வழுக்கிக்கொண்டு போனது. அவள் வேகத்தைக் கூட்டினாள். மலை விளிம்பில் ஒரு லாரியை முந்தினாள். "பாத்து, பாத்து!" என்று கத்திவிட்டேன்.

"நீங்க ஏன் தரையில காலை அழுத்தறேள்? வண்டி ஓட்டறது நான்."

திரும்பிப் பார்க்காமலே சொன்னாள். ஒரு மணி நேரம் முடிந்தும் இறங்கவில்லை. நானும் கடிகாரத்தைக் காட்டவில்லை.

திருப்பிக் கொடுத்ததில் போன நஷ்டம், புதுக் கார்டு, மெக்கானிக்குக்கு இரண்டு தடவை நூறு நூறு, நாற்பது ரூபாய் வீதம் நாலு ஆட்டோ: மொத்தம் ஏழாயிரத்துத் தொள்ளாயிரத்துப் பத்து ரூபாய்.