வண்டி குடித்த ஆயில்

கோட்டைக்குப்பத்தில் மீன் எடுத்துப் பொன்னேரியில் விற்கும் நான்கு பெண்கள் தினமும் என் வேனில் வருவார்கள். நான் தனி ஆள். யாரிடமும் சட்டென்று பேச வராது. சண்டையும் சிரிப்புமாக அவர்கள் வருவதைக் கேட்டுக்கொண்டே ஓட்டுவேன். வீட்டுக்குத் திரும்பினால் அதுவும் இல்லை.

அடைமழை ஓய்ந்த சமயம் வண்டி திடீரென்று ஆயில் குடிக்க ஆரம்பித்தது. காலையில் சீட்டைத் தூக்கி அளவுக் கம்பியை உருவினால் ஆயில் அதன் கீழ்க் கோடுவரைகூட எட்டியிருக்காது. ஊற்றுவேன். மறுநாளும் அப்படித்தான். பின்னால் நீலப் புகை.

“இன்னா நைனா, வண்டி பீடி புடிக்கக் கத்துக்கிச்சா?” என்றாள் நால்வரில் மூத்தவள்.

“எங்க புடவ மொத்தம் நாறுது” என்றாள் இன்னொருத்தி.

மெக்கானிக் புகையைப் பார்த்ததுமே, “பிஸ்டன் ரிங் தேஞ்சு போச்சுண்ணா. இன்ஜின எறக்கணும்” என்றார். அந்த வாரமே பெண்கள் ஷேர் ஆட்டோவுக்கு மாறிவிட்டார்கள். நான் ஐஸ் பெட்டிகளை மட்டும் ஏற்றிக்கொண்டு போனேன். ரேடியோ போட்டும் பார்த்தேன். பிடிக்கவில்லை.

ஒருநாள் பொன்னேரி பெட்ரோல் பங்க்கில், கூட்டம் நகரும்வரை சும்மா இருக்க முடியாமல் கம்பியை உருவினேன். மேல்கோட்டையும் தாண்டி ஆயில் நின்றது. காலையில் ஊற்றியது கொஞ்சம்தான். கீழே பார்த்தேன். சமமான சிமெண்ட் தரை. மழையில் ஏரித்தண்ணீர் வீட்டு வாசல்வரை ஏறியதிலிருந்து நான் வண்டியை மணல் மேட்டில், கரையேற்றிய படகுபோல மூக்கைத் தூக்கி நிறுத்துகிறேன். கம்பியையும் அங்கேயேதான் பார்க்கிறேன். சரிவில் ஆயில் கம்பியை விட்டுப் பின்பக்கம் ஒதுங்கிவிடும். குறைந்துவிட்டது என்று நினைத்து மேலே மேலே ஊற்றியிருக்கிறேன். ஏர் ஃபில்டரைத் திறந்தால் ஆயிலில் ஊறிக் கிடந்தது. நிரம்பி வழிந்ததைத்தான் இன்ஜின் இழுத்து எரித்திருக்கிறது. ரிங்கில் ஒன்றுமில்லை.

அதிகப்படி ஆயிலை வடித்து, ஃபில்டரை மாற்றினேன். இரண்டு நாளில் புகை நின்றது.

விடிந்ததும் குப்பத்துக்குப் போய், அவர்கள் ஏறும் ஷேர் ஆட்டோ பக்கத்தில் இன்ஜினை ஓடவிட்டு நின்றேன். மூத்தவளே வந்து புகைக்குழாயைக் குனிந்து பார்த்தாள்.

“பொக போச்சே! ஆனா ஆட்டோக்காரனுக்கு வாக்கு குட்த்துட்டோம் நைனா.” நான் தலையாட்டினேன். போகத் திரும்பியவள் நின்றாள். “கூடைய ஏத்துனா அந்த ஆளு மூஞ்ச சுளிக்கிறான். கூடைங்க மட்டும் உன் வண்டில வரட்டுமா?”

“வரட்டும்” என்றேன்.

கூடைகளை ஏற்றிக்கொண்டு ஆட்டோவுக்குப் பின்னாலேயே போனேன். முன்னே நால்வரும் எதற்கோ சிரித்தார்கள். ஜன்னல் கண்ணாடியை இறக்கிப் பார்த்தேன். எதற்கென்று காதில் விழவில்லை.