எங்கள் வெண்கோட்டை வம்சம்

எங்கள் குடும்பம் ஒரு தை மாதத்தில் அரச வம்சமாகி, பங்குனி பிறப்பதற்குள் மறுபடியும் பழைய நிலைக்கே வந்து சேர்ந்தது. இடைப்பட்ட நாட்களில் எங்களுக்கு ஏழெட்டு ராஜாக்கள் இருந்தார்கள், ஒரு கோட்டை இருந்தது, ஒரு பெரிய போரில் தோற்றும் போனோம். அப்போது நான் ஐந்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன்.

வம்சத்தை நிறுவியவர் பெரியப்பா. விருத்தாசலத்தில் பந்தல் சாமான்களை வாடகைக்கு விடும் கடை வைத்திருந்தார். அண்டா, குண்டா, பிளாஸ்டிக் நாற்காலிகளோடு, வரவேற்பு மேடையில் மணமக்கள் உட்காரும் சிவப்பு வெல்வெட் சிம்மாசனங்கள் இரண்டும் அங்கே இருந்தன. அவருடைய தம்பியான என் அப்பா, ஊருக்கு வெளியே ஒரு செராமிக் கம்பெனியில் பொம்மை அச்சுகளில் களிமண் கரைசலை ஊற்றும் வேலை செய்தார். ஒரே வீட்டை நடுவில் சுவர் வைத்துப் பிரித்துக்கொண்டு இரண்டு குடும்பங்களும் இருந்தோம். சுவர்தான் இருந்ததே தவிர, குழம்பும் சண்டையும் இரண்டு பக்கமும் போய்வந்துகொண்டுதான் இருந்தன.

பெரியப்பாவின் ஒரே மகளான அக்காவைப் பெண் பார்க்கத் திட்டக்குடி பக்கத்திலிருந்து வந்திருந்தார்கள். அன்று அப்பாவுக்கு வேலை நாள். மாப்பிள்ளையின் அப்பா நல்ல உயரம், வெள்ளை மீசை. கேசரியைச் சாப்பிட்டுக்கொண்டே தங்கள் பெருமையை நிதானமாகச் சொன்னார்.

"எங்க பாட்டனுக்குப் பாட்டன் குதிரப் படையில இருந்தவருங்க. அவரு வச்சிருந்த கத்தி இன்னும் எங்க வூட்ல இருக்குது. ஆயுத பூசைக்கு எடுத்துப் பொட்டு வப்போம்."

பெரியப்பா காபி டம்ளரைக் கீழே வைத்தார். எங்கள் வீட்டில் ஆயுத பூசைக்குப் பொட்டு வைப்பதற்கு அண்டாக்களை விட்டால் வேறொன்றும் கிடையாது.

"நாங்களும் அப்படி வந்தவங்கதாங்க. வெளிய சொல்லிக்கறதில்ல" என்றார்.

"அப்படிங்களா?"

"வெண்கோட்டை வம்சம். நல்லூர் பக்கம் நம்ம கொல்லையில ஒரு மேடு இருக்குதுங்க. அதுக்கு அடியிலதான் அரண்மனை."

கொல்லை என்று எங்கள் பக்கம் சொல்வது புன்செய் நிலத்தை. அந்த மேடு, தாத்தா காலத்தில் அங்கே கிணறு வெட்டியபோது அள்ளிக் கொட்டிய மண். ஆனால் பெரியப்பா சொன்ன விதத்தில், கதவுக்குப் பின்னால் நின்றிருந்த எனக்கே ஒரு கணம் சந்தேகம் வந்தது. மாப்பிள்ளையின் அப்பா முதல் ராஜாவின் பெயரைக் கேட்டார். வெற்றிவேங்கையன் என்று பெரியப்பா சொல்லிவிட்டார். அவருக்கு அடுத்து யார் என்று கேட்டபோதுதான் திணறினார். மின்விசிறியைப் பார்த்தார், நெற்றியைத் துடைத்துக்கொண்டார். என்னால் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

"குதிரைமல்லன், பெரியப்பா. குதிரை மேலயே தூங்குவாரே, அவரு" என்றேன்.

எல்லோரும் திரும்பினார்கள். பெரியப்பா என்னை இழுத்து மடியில் உட்கார வைத்துக்கொண்டார். "தம்பி மவ. இதுக்கு எல்லாம் அத்துப்படி" என்றார். தம்பி எங்கே என்று அவர்கள் கேட்டதற்கு, வெளியே போயிருப்பதாக மட்டும் சொன்னார். என் தலையை அவர் தடவிக்கொடுத்தது இன்னும் நினைவிருக்கிறது.

அதற்குப் பிறகு வம்சம் என் பொறுப்பில் வளர்ந்தது. பள்ளிக்கூடம் விட்டதும் கடைக்கு ஓடுவேன். ஒரு சிம்மாசனத்தில் நான், இன்னொன்றில் பெரியப்பா. வெள்ளம் வந்தபோது ஆற்றை வளைந்து போகச் சொன்ன ராணி மணிமுத்தாளை நான்தான் உண்டாக்கினேன். ஒரே நேரத்தில் பட்டத்துக்கு வந்து, யார் முதலில் உட்காருவது என்று சாகும்வரை நின்றுகொண்டே ஆண்ட இரட்டை ராஜாக்களும் என் கற்பனைதான். பெரியப்பா ஒவ்வொன்றையும் கேட்டுத் திருப்பிச் சொல்லிப் பார்ப்பார். பரீட்சைக்குப் படிக்கிற பையன் மாதிரி இருக்கும். வாடகைக்கு நாற்காலி கேட்டு வந்தவர்கள் எங்கள் போர் முடியும்வரை காத்திருந்தார்கள்.

ஒருநாள் வேலை விட்டு வரும் வழியில் அப்பா கடைக்குள் எட்டிப் பார்த்தார். களிமண் கரைசல் காய்ந்து முழங்கை வரை வெள்ளையாக இருந்தார். நாங்கள் சொன்னதைக் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "எதுக்குண்ணே இதெல்லாம்? பொண்ணப் பாத்தா அவங்களுக்குப் புடிக்காதா?" என்றார்.

"புடிக்கும்டா. நாளைக்கு அந்த வூட்ல அவ தல நிமிந்து நடக்க வேணாமா?"

அப்பா படியிறங்கி வீட்டைப் பார்க்க நடந்தார். அக்காவைப் பற்றிய பேச்சு என்றால் அவர் அண்ணனை மறுத்துப் பேசமாட்டார். அவளுக்கு நடக்கச் சொல்லிக்கொடுத்தவரே அவர்தான் என்று அம்மா சொல்வாள்.

நிச்சயத்துக்கு முன்னால் அந்த அரண்மனை மேட்டைப் பார்த்துவிட வேண்டும் என்று மாப்பிள்ளையின் அப்பா போன் செய்தார். வெறும் மண்மேட்டை எப்படிக் காட்டுவது? பெரியப்பா இரண்டு நாள் யோசித்தார். பிறகு சுவரைச் சுற்றிக்கொண்டு எங்கள் பக்கம் வந்து, அப்பாவிடம் ஒரு ராஜா தலை செய்து தரக் கேட்டார். அப்பா முடியாது என்றார். கேட்டுக்கொண்டிருந்த அக்கா எழுந்து உள்ளே போனாள். அவளுக்கு அந்த மாப்பிள்ளையைப் பிடித்திருந்தது வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

மறுநாளே அப்பா வீட்டுக் கொல்லைப்புறத்தில் உட்கார்ந்து கையாலேயே அந்தத் தலையைப் பிடித்தார். வைக்கோல் போட்டுச் சுட்டார். டீத்தூள் தண்ணீரில் ஊறவைத்து, கரி பூசி, எருக்குழியில் புதைத்தார். வெளியே எடுத்தபோது மூக்கு கொஞ்சம் உடைந்து, பார்க்கவே பயமாக இருந்தது. "இது குதிரைமல்லனாப்பா?" என்று கேட்டேன். "யாரு வேணும்னாலும் வச்சிக்கம்மா" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை, மாப்பிள்ளை வீட்டார் கொண்டுவந்த வேனில் ஏறும்போது அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"அங்க அப்பாவப் பாத்தா பேசாத. கூலி ஆளு மாதிரி நிப்பாரு. பெரியப்பாவோட தம்பி வெளிநாட்ல இருக்கறதா அவங்களுக்குச் சொல்லியிருக்குது."

"யாரு சொன்னா அப்படி?"

"பெரியவங்க முடிவு பண்ணிட்டாங்க. நீ ராஜா கதைய மட்டும் சொல்லு."

எனக்கு அது விளையாட்டாகத்தான் பட்டது. ராஜாக்கள் மாறுவேடம் போடுவது என் கதைகளிலும் உண்டு. கொல்லையில் இறங்கி, மேட்டின் மேல் கிழிந்த பனியனும் தலையில் துண்டும் மண்வெட்டியுமாக நின்ற அப்பாவைப் பார்த்ததும் சிரிப்புகூட வந்தது. ஆனால் அவர் துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டு, மாப்பிள்ளையின் அப்பாவைப் பார்த்து, "வாங்கய்யா" என்று குனிந்தார். அப்பா யாருக்கும் அப்படிக் குனிந்து நான் பார்த்ததில்லை. சிரிப்பு நின்றுவிட்டது.

மாப்பிள்ளையின் அப்பா மேட்டில் கால் வைப்பதற்கு முன்னால் செருப்பைக் கழற்றினார். அவரைப் பார்த்து மற்றவர்களும் கழற்றினார்கள். மாசி வெயிலில் மண் சுட்டது. "சொல்லும்மா" என்று என்னிடம் சொல்லிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நான் வெற்றிவேங்கையனில் தொடங்கினேன். பாதியில் என் குரல் எனக்கே பிடிக்காமல் போனது. மேட்டின் மறுபக்கத்தில் அப்பா வெட்டுகிற சத்தம் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தது. பெரியப்பா அவர் முகத்தைப் பார்க்காமலேயே, "இங்க கொஞ்சம் வெட்டுப்பா" என்றார்.

தலை கிடைத்தது. மாப்பிள்ளையின் அப்பா தோள்துண்டை விரித்து இரண்டு கையாலும் வாங்கினார். எல்லோரும் அதைச் சுற்றி நின்றார்கள். அப்பா மட்டும் தள்ளி நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"பாவம், வெயில்ல வெட்டிக்கிட்டே இருக்கறாரு" என்று மாப்பிள்ளையின் அம்மா வேனிலிருந்து ஒரு சொம்புத் தண்ணீரை எடுத்துக்கொண்டு போனார். நல்ல மனசுக்காரர்தான். அப்பா சொம்பை வாங்கக் கையை நீட்டினார். அந்தம்மா கொடுக்கவில்லை. சொம்பை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றார். அப்பாவுக்குப் புரிய ஒரு கணம் ஆனது. பிறகு குனிந்து, இரண்டு கைகளையும் குவித்து வாயருகில் வைத்துக்கொண்டார். மேலேயிருந்து தண்ணீர் விழுந்தது. பாதி வாய்க்குள் போனது, பாதி முழங்கை வழியாக ஒழுகியது. குடித்துக்கொண்டிருக்கும்போதே புரையேறியது. இருமல் நிற்கவில்லை. கண்கள் சிவந்து அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

"அப்பா" என்று கத்திக்கொண்டு ஓடினேன். அவருடைய உச்சந்தலையைத் தட்டினேன். "போதும்ப்பா, வூட்டுக்குப் போலாம்ப்பா" என்று அழுதேன்.

இருமல் மெல்ல அடங்கியது. அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளையின் அப்பா கேட்டார்.

"இந்தப் பொண்ணு உங்க தம்பி மவளுன்னுதானே சொன்னீங்க?"

"ஆமாங்க" என்றார் பெரியப்பா.

"அப்ப இவரு?"

பெரியப்பா வாயைத் திறந்தார். அப்பாவைப் பார்த்தார். அப்பா தலையை நிமிர்த்தவில்லை. பெரியப்பா திறந்த வாயை மூடிக்கொண்டார். எந்தக் கேள்விக்கும் ஒரு ராஜாவைப் பதிலாக வைத்திருந்தவர் அப்படி நின்றதை அன்றுதான் பார்த்தேன்.

மாப்பிள்ளையின் அப்பா அந்தத் தலையைக் கீழே பத்திரமாக வைத்தார். அவருக்குக் கோபம் வந்த மாதிரித் தெரியவில்லை.

"வம்சக் கதை பொய்யின்னு எனக்கு மொத நாளே தெரியுங்க. எங்க வூட்டுக் கத்தியும் எங்கப்பா சந்தையில வாங்குனதுதான். கல்யாணம்னா நாலும் சொல்றதுதானே. கொழந்த நல்லா சொல்லுதேன்னு கேட்டுக்கிட்டிருந்தேன். ஆனா கூடப் பொறந்தவரக் கொண்டாந்து இப்படி நிக்க வச்சிட்டீங்களே. இது எனக்கு ஒத்துவராதுங்க."

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு வேனுக்குப் போய்விட்டார். மாப்பிள்ளையின் அம்மா மட்டும் சொம்போடு தயங்கி நின்றார். பிறகு அப்பாவிடம் வந்து, "தெரியாம அப்படி ஊத்திட்டேங்க அண்ணா. மனசுல வச்சிக்காதீங்க" என்றார். அப்பா, "அதனால என்னம்மா" என்றார். அவர் சொன்னதும் அப்பா சொன்னதும் எனக்கு ஒரே அளவுக்கு அவமானமாக இருந்தன.

வேன் அவர்களுடையது. நாங்கள் பஸ்ஸில் திரும்பினோம். அக்கா தலை நிறைய மல்லிகை வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள். யாரும் எதையும் சொல்வதற்கு முன்பே எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. நான் கூப்பிடாமல் இருந்திருந்தால் அக்கா கல்யாணம் நடந்திருக்கும் என்று ஒரு பக்கம் குறுகிப்போனேன். என் அப்பாவைக் கூலி ஆளாக்கியவர் என்று இன்னொரு பக்கம் பெரியப்பாவை வெறுத்தேன். கடைப்பக்கம் போவதை விட்டுவிட்டேன். ஒருமுறை தெருவில் என்னை நிறுத்தி, "என்ன கண்ணு, ராஜாவெல்லாம் எங்க போனாங்க?" என்று கேட்டார். "செத்துட்டாங்க" என்று சொல்லிவிட்டு நடந்தேன். அதற்குப் பிறகு அவர் கேட்கவில்லை. நான் கல்லூரிக்குப் போய், வேலைக்குப் போய், ஊருக்கு வந்தபோதெல்லாம் அவரிடம் இரண்டு வார்த்தைக்கு மேல் பேசியதில்லை. அவரும் அதை எதிர்பார்த்தவர் மாதிரியே இருந்தார். போன வருஷம் இறந்துபோனார்.

அக்காவை வேப்பூரில் கட்டிக்கொடுத்தார்கள். நெடுஞ்சாலையில் ஹோட்டல் வைத்திருக்கிறார்கள். அத்தான் நல்லவர். அவருடைய பாட்டன் யாரென்று இதுவரை யாரும் கேட்டதில்லை. சமீபத்தில் பஸ் மாறுவதற்காக அங்கே இறங்கியபோது, அக்கா கல்லாவில் உட்கார்ந்து தன் அப்பாவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள். அடக்க முடியாமல், அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் என் அப்பாவைக் கூலி ஆளாக நிற்க வைத்ததை நான் சொல்லிவிட்டேன். அவள் என்னை ஆச்சரியமாகப் பார்த்தாள்.

"அது சித்தப்பா சொன்னதாச்சேடி. ஒனக்குத் தெரியாதா?"

"என்ன சொன்னாரு?"

"'களிமண்ணுல வேல செய்யறவன் ஒருத்தன் ராஜா வூட்ல இருக்கறது நல்லா இருக்காதுண்ணே, என்ன வெளிநாட்ல இருக்கறதா சொல்லிடு, நான் கூலி ஆளா வந்து எடுத்துக் குடுக்கறேன்'னு அவருதான் சொன்னாரு. எங்கப்பா ஒத்துக்கவே இல்ல. சித்தப்பா விடல. தல செய்யச் சொல்லிக் கேட்டாருல்ல, அப்ப நான் உள்ள போயி சமையக்கட்டுல நின்னு கேட்டுக்கிட்டுதான் இருந்தேன். எங்கப்பா அன்னிக்கிச் சாப்புடவே இல்ல."

பஸ் வந்தது. நான் ஏறவில்லை. அடுத்ததும் போனது.

அப்பா இன்னும் அந்த வீட்டில்தான் இருக்கிறார். இதைப் பற்றி அவரிடம் நான் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டேன். தன் வேலையை நினைத்து அவர் கூசியிருக்கக்கூடும் என்பதே எனக்கு அன்று தெரியாது. அவருக்காக நான்தான் கூசுகிறேன் என்று நினைத்திருந்தேன். அந்த மேட்டில் பெரியப்பா திறந்த வாயை மூடியது, சொல்வதற்கு ஒன்றும் இல்லாததால் என்றும் நினைத்திருந்தேன். 'இவனே கேட்டதுதாங்க' என்ற ஒரு வார்த்தை போதும், அவர்மேல் விழுந்த பழி அத்தனையும் கீழே உட்கார்ந்திருந்த தம்பி தலையில் இறங்கியிருக்கும். அவர் அதைச் சொல்லவில்லை. அவர்களிடமும் சொல்லவில்லை, தெருவில் முகத்தைத் திருப்பிக்கொண்டு போன என்னிடமும் கடைசிவரை சொல்லவில்லை.