ஞானமுத்து மாஸ்டர் போட்ட சத்தம்

போன வாரம் வீடு முழுக்க வலித்தைல வாசனை. பேத்தி ஒரு பள்ளிக்கூடத்தில் வாலிபால் பயிற்சியாளர். முட்டி பிசகிவிட்டது. தைலத்தைத் தேய்த்துக்கொண்டே, "தாத்தா, யாராச்சும் போன் பண்ணா நான் நல்லா இருக்கேன்னு சொல்லு. அடுத்த ஸ்கூல் கோச்சுக்குத் தெரிஞ்சா அவ்ளோதான்" என்றாள். தலையை ஆட்டி வைத்தேன். அதற்குள் மூக்கு என்னை ஐம்பதுகளின் செங்கல்பட்டுக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டது. கிழவன் மூக்குக்கு வேறு என்ன வேலை, சொல்லுங்கள்.

அப்போது கோச் என்ற பேரெல்லாம் கிடையாது. டிரில் மாஸ்டர். ஆசிரியர் அறையில் கணக்கு வாத்தியாருக்கு நாற்காலி உண்டு, தமிழ் ஐயாவுக்கு உண்டு, டிரில் மாஸ்டருக்குக் கிடையாது. விளையாட்டுச் சாமான் போட்டுவைத்த அறையில் கிழிந்த வலையோடும் காற்றுப்போன தோல் பந்துகளோடும் நான் குடியிருந்தேன். வருத்தமில்லை என்று சொன்னால் பொய். ஆனாலும் எங்கள் குடும்பத்தில் ஊரான் வயலில் குனியாமல், பதிவேட்டில் கையெழுத்துப் போட்டு வேலை பார்த்த முதல் ஆள் நான்தான். கழுத்தில் விசில் தொங்கும்போது நெஞ்சு ஓர் அங்குலம் கூடுதலாகத்தான் நிமிரும்.

அந்த விசிலுக்கு முதல் வருஷமே ஆபத்து வந்தது. தலைமையாசிரியர் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். வட்டாரப் போட்டியில் வாலிபால் கோப்பை வந்தால் வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் ஜூன் மாதம் வேறு இடம் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். நானும் பையன்களை விழுந்து விழுந்து பழக்கினேன். போட்டிக்கு மூன்று வாரம் இருக்கும்போது மஞ்சள் காமாலை வந்து படுத்துவிட்டேன். சாண் ஏறினால் முழம் சறுக்கியது.

படுத்துக்கொண்டே இரண்டு அஞ்சலட்டை எழுதினேன். ஒன்று திருக்கழுக்குன்றத்து டிரில் மாஸ்டர் ராகவனுக்கு. இன்னொன்று மகாபலிபுரம் பக்கம் கடலோரப் பள்ளி ஒன்றில் இருந்த ஞானமுத்து மாஸ்டருக்கு. கோப்பைக்கு எங்களோடு மல்லுக்கட்டும் அணியே ஞானமுத்துவின் அணிதான். அவருக்கா எழுதினாய் என்று கேட்பீர்கள். அவரவர் பள்ளியில் ஒண்டியாக, நாற்காலி இல்லாமல் நின்ற எங்களுக்கு நாங்கள்தானே துணை? பந்துக்குள் இருக்கும் பிளாடர் கிழிந்தாலும் சரி, பெண் பார்க்கப் போனாலும் சரி, இன்னொரு டிரில் மாஸ்டரைத்தான் தேடுவோம். ஒருவன் படுத்தால் அவன் பையன்களை மற்றவன் பார்த்துக்கொள்ள வேண்டும். இது எங்களுக்குள் எழுதாத சட்டம்.

சனிக்கிழமை முதல் பஸ்ஸில் ஞானமுத்து வந்து இறங்கிவிட்டார்.

"இன்னா மச்சான், கண்ணு ரெண்டும் மஞ்சாக் கீது? மோர் சோறு துண்ணுட்டு கம்முனு படு. பசங்கள நான் பாத்துக்கறேன்."

"அண்ணாத்த, அப்போ உங்க டீமு?"

"அதுங்க வாரம் பூரா ஆடிக்கினுதான் கீதுங்க. சனி, ஞாயிறு உன் பசங்களுக்கு."

வார நாட்களில் பள்ளி விட்டதும் ராகவன் சைக்கிள் மிதித்து வருவார். சனி, ஞாயிறு ஞானமுத்து. மைதானம் என் அறை ஜன்னலுக்கு நேரே இருந்ததால், கீழாநெல்லிச் சாற்றை முகம் சுளித்து விழுங்கிக்கொண்டே பார்ப்பேன். ஆட்டம் முடிந்ததும் என் பையன்களை வரிசையாக உட்காரவைத்துத் தோளில் தைலம் தேய்ப்பார் ஞானமுத்து. அந்த வாசனை என் அறைவரை வரும்.

என் அணியில் மணி என்று ஒரு குள்ளன். எதிரே இரண்டு பேர் கைதூக்கித் தடுத்தால் ஓங்கி அடிக்காதே, அவர்கள் தலைக்குப் பின்னால் மெதுவாகத் தட்டிவிடு என்று அவனுக்குப் பழக்கினார். அந்த இடத்தைக் காலியாக விடுகிற அணி எது தெரியுமா? அவருடைய சொந்த அணி! எனக்கே மனசு கேட்கவில்லை.

"அண்ணாத்த, இதையுமா சொல்லித் தர்றீங்க?"

"பாதி சொல்லிக் குடுத்தா அதுக்கு இன்னா பேரு மச்சான்? ஏமாத்து வேல."

இறுதி ஆட்டத்தில் அவர் அணியும் என் அணியும்தான். தேறிய கையோடு, எலும்பும் தோலுமாகக் கோட்டோரம் போய் உட்கார்ந்தேன். ஆளுக்கொரு செட். மூன்றாவதில் நாங்கள் பதினாலு, அவர்கள் பதிமூன்று. இன்னும் ஒரே புள்ளி எடுத்தால் கோப்பை எங்களுக்கு. பந்து மணிக்கு எழும்பியது. எதிரே இரண்டு நெட்டையன்கள் கைதூக்கினார்கள். மணி பதறிப்போய் ஓங்கினான். போச்சு, என் வேலை போச்சு என்று கண்ணை மூடிக்கொண்டேன். அப்போது எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு சத்தம்.

"டேய் மணி, அடிக்காதடா! தட்டி வுடு!"

மூன்று வாரமாக அந்தக் குரலுக்குக் கட்டுப்பட்ட பையன் யோசிக்கவில்லை. தட்டினான். பந்து காலி இடத்தில் பொத்தென்று விழுந்தது. மைதானம் ஒரு நொடி திகைத்தது. பிறகு வெடித்துச் சிரித்தது. ஞானமுத்து இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். பழக்க தோஷம்!

அவர் பையன்கள் ஒரு வாரம் அவரோடு பேசவில்லை. அவருடைய தலைமையாசிரியர் எழுத்துமூலம் விளக்கம் கேட்டார். "சத்தம் போட்டது என் தவறு. சொன்ன ஆட்டம் தவறில்லை" என்று இரண்டே வரி எழுதிக் கொடுத்தார் மனிதர். இப்படி ஓர் எதிராளி எந்தப் பயிற்சியாளனுக்கு வாய்த்திருக்கிறான்? எனக்கு வாய்த்தான். இன்றைக்கும் அதில் எனக்குத் தலைகொள்ளாத பெருமை.

நிரந்தர உத்தரவு கைக்கு வந்த அன்றே பஸ் ஏறி அவர் வீட்டுக்குப் போனேன். வாங்கிச் சத்தமாகப் படித்துவிட்டு, உள்ளே பார்த்துக் கூவினார்: "இங்க பாரு, நம்ம மச்சான் பர்மனென்ட்டு ஆயிட்டான்!"

மீன் கழுவிக்கொண்டிருந்த அவர் மனைவி எட்டிப் பார்த்தார். "அப்பாடா, நீங்க தோத்தது வீணாப் போவல. உக்காரச் சொல்லுங்க, சாப்ட்டுட்டுப் போவட்டும்."

அந்த மைதானத்தில் இப்போது கட்டடங்கள். ராகவன் முதலில் போனார், பின்னாலேயே ஞானமுத்துவும். பிறகும் என் பையன்கள் எத்தனையோ கோப்பை வாங்கினார்கள். ஆனால் ஜெயித்த சேதியைத் தோற்றவன் வீட்டில் போய்ச் சொல்லி, அவன் இலையில் சாப்பிட்டுவிட்டு வருவதற்கு, எனக்கு இப்போது ஒரு வீடும் இல்லை.